காகிதம் தைத்த டெய்லர்

மணி அடித்ததும் எச்சில் ஊறிய நாயின் கதையை வருஷாவருஷம் பி.எட். பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்று பலகையை நிரப்புவேன். பரீட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். அதில் எனக்குப் பொல்லாத கோபம்.

போன வருஷம் என் மனைவியின் ஆள்காட்டி விரலில் தையல் மிஷின் ஊசி இறங்கி, உள்ளேயே முறிந்துவிட்டது. காயம் ஆறியது. ஆனால் சுவிட்சைப் போட்டு மோட்டார் சத்தம் கிளம்பினாலே கை தானாகப் பின்னால் போய்விடும், துணி கோணிக்கொள்ளும். பனியன் கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்து, டெய்லராகி, சொந்தமாக மிஷின் வாங்கி முன்னறையில் போட்டவள் அவள். அந்த மிஷினைப் பற்றி அவளுக்குள்ள பெருமையில் பாதிகூட என்னைப் பற்றிக் கிடையாது.

"வித்துப்போடலாமுங்க. நான் பழையபடி பிசிறு வெட்டவே போறேன்" என்றாள்.

பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சத்தமும் வலியும் ஒட்டிக்கொண்டுவிட்டன, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க வேண்டும். கம்பெனிகளில் புதிதாக வருகிறவர்களுக்கு நூல் கோக்காத மிஷினில் கோடு போட்ட காகிதத்தைத் தைக்கக் கொடுப்பார்கள். அங்கிருந்து தொடங்கச் சொன்னேன். தேர்ந்த டெய்லருக்கு அது எவ்வளவு மானக்கேடான காரியம்! ஆர்டர் கொடுக்க வந்த கம்பெனிக்காரர் பார்த்துச் சிரித்தார்கூட. அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் பயந்துபோய் எழுந்துவிடும்போதெல்லாம் நான் ஓடிப்போய் டீ போட்டு வந்து, "போதும் கண்ணு, நாளைக்குப் பாக்கலாம்" என்பேன். நாளாக ஆக, கை முன்னைவிடச் சீக்கிரம் பின்வாங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் வகுப்பில், "தப்பி ஓடினால் சுகம் கிடைக்கும் என்றால் தப்பி ஓடத்தான் கற்றுக்கொள்ளும்" என்று சோதனைக்கூட எலியைப் பற்றிச் சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயத்துக்கு டீ ஊற்றி வளர்த்த வாத்தியார் இந்தத் திருப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப தாளு முழுசும் தெச்சாத்தானுங்க டீயி?"

"ஆமா. எந்திரிச்சா பச்சத்தண்ணிகூடக் கிடையாது."

அதன்பின் அவளே வழி கண்டுபிடித்துக்கொண்டாள். மோட்டாரை ஓடவிட்டு, கையை மடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பாள். சத்தம் வரும், வலி வராது. அதை உடம்புக்குச் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். பிறகு காகிதம், பிறகு வேஸ்ட் துணி, பிறகு நூல். அந்தப் பொறுமையைப் பார்த்த பிறகுதான், இத்தனை வருஷம் நடத்திய பாடத்தின்மேல் எனக்கே மரியாதை வந்தது.

ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அசல் ஆர்டர் பனியன்கள், கீழ்மடிப்பு நூல் பிடித்தாற்போல நேராக வந்திருந்தது.

"பயம் போயிருச்சா?" என்றேன்.

மிஷினை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துத் தன் விரல்களின்மேல் வைத்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

"போகலீங்க. அது பாட்டுக்கு நடுங்கட்டுமுங்க, நான் பாட்டுக்குத் தெக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.