எனக்கு மட்டும் குறைச்சுத் தந்தவன்

மொழிபெயர்ப்பாளர் என்றால் இரண்டு பக்கத்துத் திட்டையும் முதலில் வாங்குகிறவர் என்று அர்த்தம். சொந்தக்காரருக்காக ஓர் அலுவலகத்திலாவது வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலெர்மோ நகரில் காலையில் வீடு துடைப்பேன்; மாலையில் ஒரு பெண் வக்கீலிடம் நம்மவர்களுக்காக மொழிபெயர்ப்பேன். துடைப்பம் எவ்வளவோ மேல்.

படிக்கட்டு நிறைய ஆட்கள்

கொழும்புக்கு விமான டிக்கெட் விற்ற மூன்று முகவர்களும் தங்களுக்குள் பேசிவைத்து ஒரே நாளில் விலையை ஏற்றினார்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, ஆக்னஸ் அக்கா மாதா கோயில் சனத்தில் பாதியைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் வந்துவிட்டார். அக்கா லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சினோராவை, இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்கிறவர். மகள் மன்னாரில், தங்கையின் பொறுப்பில். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளையின் முகம் பார்க்க அக்காவுக்கு அந்த டிக்கெட்டை விட்டால் வேறு வழி இல்லை.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். அமெரிக்காவில் என்றால் ஒருவர் எல்லாருக்குமாக வழக்காடலாம். அதற்கும், எல்லாருக்கும் விழுந்த அடி ஒன்றுதானா, முன்னால் நிற்பவர் மற்றவர்களைப் போன்றவர்தானா என்று நீதிபதி பார்த்த பிறகுதான் அனுமதி. இத்தாலியில் அப்படிச் சட்டமே இல்லை. பெயர் கொடுப்பவர்கள் ஒரே மனுவில் சேர்ந்து வரலாம், அவ்வளவுதான். குறை ஆளுக்கு ஆள் வேறு என்று பட்டால் நீதிபதி பிரித்துவிடுவார். பிறகு ஆளுக்கொரு வழக்கு, ஆளுக்கொரு லீவு. தனியாக வழக்காடுகிறவருக்கு அந்த மூன்று பேரில் எவன் டிக்கெட் தரப்போகிறான்?

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, அக்கா எழும்பிவிட்டார். "தனியப் போனால் என்னை நுளம்பு மாதிரித் தட்டிப்போடுவான். எல்லாரும் போனால், தட்ட அவனிட்டை எத்தினை கை இருக்கெண்டு பாப்பம்!"

வாக்குமூலம்

அடுத்த வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தோம். அங்கேதான் வந்தது வினை. பேரம் பேசாமல் ஒரு சாமான் வாங்கினேன் என்று ஒத்துக்கொள்வது நம்மவர்களுக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்று உங்களுக்குத் தெரியும். பிரான்காச்சோவில் பட்டறை வேலை செய்கிற ரெஜினோல்ட் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு மட்டும் குறைச்சுத் தந்தவன். நான் ஆரெண்டு அவனுக்குத் தெரியும்" என்றார். அடுத்தவருக்கும் குறைத்துத்தான் கொடுத்தானாம். அதற்கடுத்தவருக்கும். ஆக்னஸ் அக்காவோ தனக்குத்தான் எல்லாரையும் விடக் குறைவு என்று அடித்துச் சொன்னார்.

டிக்கெட்டுகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே விலை! "டிக்கெட்டில் என்ன போட்டிருந்தாலும் கையில் குறைத்துத்தான் வாங்கினோம், ஒவ்வொருவரிடமும் தனித்தனிப் பேரம்" என்று முகவர்கள் சொன்னால் போதும், கூட்டு வழக்கு உடைந்துவிடும். அதற்குச் சாட்சி நம்முடைய வாய்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "இவர்கள் வழக்குப் போட வந்தவர்களா, முகவருக்கு நற்சான்று கொடுக்க வந்தவர்களா?"

கோயில் மண்டபம்

ஒரு கூட்டம் வைத்து நிலைமையை விளக்கினேன். உண்மையாகக் குறைத்து வாங்கியவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லாரும் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு கையும் எழும்பவில்லை. குறைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைசியில் ஆக்னஸ் அக்காதான் எழும்பினார். முகம் சிவந்திருந்தது. "ஒரு சதமும் குறைக்கேல்லை. காதுக்குள்ளை வந்து, 'உனக்கு மட்டும்தான் இந்த விலை சினோரா, வெளியிலை சொல்லாதை' எண்டான். நானும் பெரிய ஆள் மாதிரி ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். இப்ப என்ன, வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தால் என்ரை பிள்ளையை ஆர் போய்ப் பாக்கிறது?"

பின் வரிசையிலிருந்து ரெஜினோல்ட் அண்ணன் மெல்ல இருமினார். "எனக்கும் அதே காதுக்குள்ளைதான்."

நீதிமன்றம்

எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகத்தான் பேசினார். ஒருவர் கலியாணத்துக்குப் போனார், ஒருவர் செத்தவீட்டுக்கு, ஒருவர் திருவிழாவுக்கு. இவர்களை எப்படி ஒன்றாகக் கட்டுவது என்று கேட்டார். வாசலில் வைத்து அந்த மூன்று முகவர்களில் ஒருவன் அக்காவிடம், "என்றைக்காவது நீ ஊருக்குப் போகத்தானே வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அக்கா திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

ஏன் ஒன்றாக வந்தீர்கள் என்று நீதிபதி அக்காவிடமே கேட்டார். "தங்கச்சி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு, ஒண்டையும் மெழுகாதை" என்றார் அக்கா என்னிடம். நான் மெழுகவில்லை. அதைக் கேட்ட பிறகு நீதிபதி எங்களைப் பிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையில் அழுகையே வந்துவிட்டது. அக்கா சொன்னது இதுதான்: "கலியாணத்துக்குப் போனவனுக்கும் செத்தவீட்டுக்குப் போனவனுக்கும் ஒரே பொய்யைத்தான் சொன்னவங்கள். ஏமாத்தேக்கை எங்களைப் பிரிச்சுப் பாக்கேல்லை. நியாயம் கேக்கேக்கை மட்டும் ஏன் ஐயா பிரிக்கிறியள்?"

வழக்கு அதன் பிறகும் வருஷக்கணக்காக இழுபட்டது, ஆனால் அன்று தொடக்கம் நம்மவர்களில் ஒருவர்கூட விலை குறைத்து வாங்கியதாகப் பீற்றிக்கொண்டதில்லை, பல்லரோ சந்தையில் வாங்கும் மீனைத் தவிர.