பிரேக்கில் போட்ட எண்ணெய்

பட்டு நெய்யும் என் வீட்டுக்காரருக்குத் தடித்த டயர் வைத்த சைக்கிள் மேல் வெகுநாள் ஆசை. கூலியில் மிச்சம் பிடித்து, இரண்டு தீபாவளி பொறுத்திருந்து வாங்கினார். புது வண்டியாச்சே என்று, தறிக்குப் போடுவதுபோல நானும் ஆசையாக எண்ணெய் போட்டேன். சக்கரத்தில் இருந்த பிரேக் தட்டையும் விடவில்லை.

சேவூர் வளைவில் பிரேக் பிடிக்காமல் வயல் சேற்றில் போய் விழுந்தார். நல்லவேளை, அடி படவில்லை. உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றவரைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏம்மே, பிரேக்குல எண்ணெய் ஊத்தினது நீதானா?"

"ஆமாங்க. தறி மாதிரின்னு நெனச்சேன்."

"தறி ஓடணும்மே, இது நிக்கணும்!" என்று சிரித்தார்.

மெக்கானிக் சரிசெய்து கொடுத்தார். இப்போதெல்லாம் வீட்டுக்காரர் கிளம்பும்போது பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, பின்னாலிருந்து தள்ளிப் பார்க்கிறேன். தெருவே சிரிக்கிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வண்டி அசையாமல் நின்றால்தான் அவரை விடுகிறேன்.