பார்க்காத குளம்

பிஎச்.டி. முடிக்கவில்லை, சேரக்கூட இல்லை. அதற்குள் வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். கிண்டல்தான். ஆனால் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகக் கிருமி எண்ணுகிறவளுக்கு அந்தக் கிண்டலும் இனித்தது. வெளிநாட்டுக்குப் போய்க் குளத்துப் பாசியை ஆராய்ச்சி செய்ய வேண்டும். வேறெந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

அவள் படித்தது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மூன்று மாடிக் கல்லூரியில். பஸ் ரிவர்ஸ் எடுத்தால் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிடுவார், அப்படி ஒரு கல்லூரி. அந்தப் பேரைப் போட்டு இரண்டு வருடம் விண்ணப்பித்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் வழி சொன்னான். கல்லூரி சேர்ந்திருப்பது ஊரின் மறுகோடியில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்தோடு. சான்றிதழில் இருப்பதும் அதன் பேர்தான், முத்திரையும் அதனுடையதுதான். பிறகு எதற்குக் கல்லூரிப் பேரை எழுதித் தொலைக்க வேண்டும்? பொய்யில்லையே என்று அவளும் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்த வருடமே ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை வீடியோவில் பேசக் கூப்பிட்டார். பேரோட மகிமையைப் பார்த்தியா என்று அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

நேர்காணல் நன்றாகவே போனது. முடிக்கிற நேரத்தில் பேராசிரியை சிரித்துக்கொண்டே, பல வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக உங்கள் வளாகத்துக்கு வந்திருக்கிறேன் என்றார். துறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருக்குமே, வெயில் காலத்தில் பாசி மூடிக்கிடக்குமே, இப்போதும் அப்படித்தானா என்று கேட்டார்.

டாக்டரம்மா அந்த வளாகத்துக்குள் காலே வைத்ததில்லை. பட்டத்தைக்கூடக் கல்லூரி ஆபீசில்தான் வாங்கினாள். நான் படித்தது வேறு இடம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாழாய்ப்போன வாய், ஆமாம், வருடா வருடம் மூடும் என்றது. பேராசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று எடுத்த பாசியை இன்னும் வைத்திருக்கிறாராம். இவள் வரும்போது அதே குளத்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தால் இரண்டையும் ஒப்பிடலாமாம். வரும்போது என்றே சொல்லிவிட்டார்! சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சுத்தமான பாட்டில் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். துறைக் கட்டடத்துக்குப் பின்னால் சிமெண்ட் தரை. அதன்மேல் வரிசையாகக் கார்கள். காவலாளி, எந்த வண்டி எடுக்கணும் என்றார். குளம் என்று இழுத்தாள். அதை நிரப்பி ரொம்ப வருஷமாச்சும்மா என்றார் அவர், சாதாரணமாக.

நேரே அண்ணன் கடைக்கு வந்தாள். அவன் திருகுளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஏதாவது ஒரு குளத்துல பிடிச்சுக் கொடு. பாசி என்ன அட்ரஸ் ஒட்டிக்கிட்டா வருது?”

கொடுத்திருக்கலாம்தான். ஆனால் எந்தத் தண்ணீர் எங்கே எடுத்தது என்று பாட்டிலுக்கு அட்ரஸ் ஒட்டுவதுதானே அவள் பிழைப்பு? இடத்தை மாற்றி எழுதி ஒரு பாட்டில் வந்தால், கொண்டுவந்த ஆளை அவளே கிழி கிழியென்று கிழிப்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கை எப்படி வரும்? ராத்திரியெல்லாம் புரண்டாள். காலையில் பேராசிரியையிடம் மறுபடி ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, டிப்போ, கல்லூரி, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேராசிரியை நிதானமாகச் சொன்னார். பேர் பார்க்கிற இடங்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தேர்வுக் குழுவில் யாருக்கும் அந்தப் பெரிய பேரும் தெரியாது, சின்னப் பேரும் தெரியாது. அந்தக் குளம் என் சொந்த ஞாபகம், அவ்வளவுதான். கரண்ட் போய்ப் பாதி மாதிரிகள் கெட்டுப்போனதை மறைக்காமல் விண்ணப்பத்தோடு அனுப்பிய உங்கள் ஆய்வறிக்கையில் எழுதியிருந்தீர்கள். உங்களைக் கூப்பிட்டது அதற்காக.

ஆனால் பார்க்காத குளத்தைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டீர்களே, அதனால் இந்த வருட இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறேன், அடுத்த வருடம் அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன் என்றார். அதற்குமேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

அவள் கடையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனுக்கு ஆறவே இல்லை. உண்மையைச் சொல்லி நீயே கெடுத்துக்கிட்டியே என்று புலம்பினான்.

“உண்மையைச் சொன்னதால போகலண்ணா,” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “அவங்க எந்தப் பேரையும் பார்த்துக் கூப்பிடல. என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்காங்க. அது எனக்குத்தான் தெரியல.”