அக்கா காரின் சிவப்பு வாய்

என் அக்கா வாடகைக் கார் ஓட்டுகிறாள். அவளைக் கட்டிக்கொண்டவருக்கோ காரில் ஏறினால் வாந்தி வரும். இந்த ஜோடியைச் சேர்த்துவைத்த புண்ணியவான் யாரென்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாமாவுக்குத் தொழில், கடைப் பலகைகளில் விளக்கு எழுத்து அமைப்பது. எங்கள் வீதியில் மருந்துக்கடை முதல் முடிவெட்டும் கடை வரை மின்னுவதெல்லாம் அவர் கைவேலைதான். வீட்டின் முன்னறையே பட்டறை. நாற்காலியில் உட்காருமுன் தடவிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் துண்டு குத்தும். வோல்ட் அளக்கும் மீட்டர் எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும், கையில் கிடைத்ததையெல்லாம் அளப்பார். ஒருநாள் அதன் இரண்டு முனைகளையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "நாக்கை நீட்டு வாயாடி, எத்தனை வோல்ட்டுன்னு பார்ப்போம்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் வாயாடி.

அக்காவின் கார் பழையது. ஒருமுறை சூடேறிக் கொதித்து எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. மெக்கானிக் மூடித் தரும்போது, "இன்னொரு தடவை கொதிச்சா எடைக்குத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டார். சூடு காட்டும் முள் எப்போதோ படுத்துவிட்டது, மாற்றுவதற்கு எங்கேயும் கிடைக்கவில்லை. இந்தக் காரை வாங்கும் முன்பு அக்கா பல வருஷம் முதலாளி ஒருவரின் காரை ஓட்டி, தினமும் அவர் வாயில் விழுந்து எழுந்தவள். மறுபடி அங்கே போய் நின்றால் அவள் உடைந்தே போவாள். அது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

"நான் லைட்டு போட்டுத் தரேன்" என்றார் மாமா.

எஞ்சினில் ஒரு சென்சாரைப் பொருத்தினார். சூடு எல்லை மீறினால் அது டேஷ்போர்டில் விளக்கை ஏற்றும். மற்றவர்கள் என்றால் ஒரு பல்பு போட்டிருப்பார்கள். மாமா கலைஞர் ஆயிற்றே, ஐந்து சிவப்பு எல்.இ.டி. பல்புகளை வரிசையாகக் கோத்து, இரண்டு முனையும் கீழே தொங்குகிற மாதிரி வளைத்து ஒட்டினார்.

"என்னங்க இது?" என்றாள் அக்கா.

"உன் வாய். கோவம் வந்தா இப்படித்தான் வளையும். எனக்குத் தெரிஞ்ச பெரிய எச்சரிக்கை அதுதான்."

கணக்கையும் எங்களுக்கு விளக்கினார். கார் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். இந்தப் பொடிப் பல்புக்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் கருகிவிடும். ஐந்தும் சேர்ந்து பத்தைத் தின்னும். மிச்சம் இரண்டைத் தின்ன ஒரு சின்ன ரெசிஸ்டர். அவ்வளவுதான், கடைப் பலகைக்குச் செய்கிற அதே வேலை.

வாசலில் நின்ற காரில் சாவியை மட்டும் திருப்பி, சென்சாரைக் கழற்றிக் கொதிநீரில் முக்கினோம். வாய் செக்கச்செவேல் என்று எரிந்தது. எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. புகை வாசனை வந்தாலே மாமாவுக்கு வயிற்றைப் புரட்டும்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம் அக்கா என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் வண்டி முனகியபோது வாய் எரிந்தது. சும்மா இல்லை, கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அக்கா பிரேக்கில் கால் வைப்பதற்குள் அணைந்தும் விட்டது.

"பார்த்தியா? சூடு ஏறுச்சு, எரிஞ்சுது. இறங்குச்சு, அணைஞ்சிடுச்சு. உங்க மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லு, சந்தோஷப்படுவார்" என்றாள். முகமெல்லாம் பெருமை. போனைப் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் எரிஞ்சுது?" என்று கேட்டார் மாமா.

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள அணைஞ்சிடுச்சு மாமா."

"வண்டியை ஓரங்கட்டச் சொல்லு" என்றார்.

"ஏங்க, அதான் சூடு இறங்கிடுச்சே" என்றாள் அக்கா.

"எஞ்சின் சூடு அப்படிச் சட்டுனு இறங்காது. லைட்டுதான் செத்திருக்கும். நிறுத்தும்மா. என் லைட்டை நம்பாத."

ஒரு எழுத்து மங்கலாக எரிகிறது என்று சொன்ன கடைக்காரரோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்த மனிதர் இவர். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும் அக்கா மறுபேச்சுப் பேசாமல் வண்டியை ஓரங்கட்டினாள். மூடியைத் தூக்கினால் ஒரே ஆவி. ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்து தண்ணீர் ஒழுகியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். எஞ்சின் ஆறியதும் கிளிப்பை முடுக்கித் தண்ணீர் ஊற்றினார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடச் சொல்லி, பேட்டரியில் மீட்டரை வைத்தார். பதினாலைத் தாண்டி நின்றது முள்.

"கடைப் பலகை அடாப்டர்ல பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான். இதுல எஞ்சின் ஓட ஆரம்பிச்சா வோல்ட் மேல ஏறுது. ரெண்டு வோல்ட்டுக்குன்னு ரெசிஸ்டர் போட்டேன். வந்தது நாலுக்கு மேல, பல்பு கருகிடுச்சு" என்றார்.

"ஓடுற கார்ல ஒருநாளாவது உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. மாமா சைக்கிளைத் தூக்கிப் பின்பக்கம் போட்டார். சென்சார் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து மீட்டரில் மாட்டினார். ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"என்னங்க பண்றீங்க? உங்களுக்கு ஒத்துக்காது" என்றாள் அக்கா.

"கிளிப் தாங்குமா தெரியாது. மீட்டர் முள் ஆடினா சொல்றேன், நிறுத்து. வீடு போற வரைக்கும் லைட்டு நான்தான்."

அக்கா அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பள்ளம் மேடு ஒவ்வொன்றையும் கெஞ்சிக் கெஞ்சிக் கடந்தாள். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். மாமாவின் முகம் வெளுத்து, பிறகு பச்சையானது. கண் மட்டும் முள்ளை விட்டு அகலவில்லை. வாசலில் இறங்கிய பிறகுதான் அந்தப் பிளாஸ்டிக் பைக்கு வேலை வந்தது.

மறுநாள் எஞ்சினை ஓடவிட்டுப் புதிய கணக்குப் போட்டார். மூன்று பல்பு, மிச்சம் எட்டு வோல்ட்டையும் தாங்குகிற பெரிய ரெசிஸ்டர். எஞ்சின் கிளம்பும்போதெல்லாம் விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, ஒரு நிமிஷம் அதுவே எரிந்து அணைகிற மாதிரியும் செய்தார். வளைவை மட்டும் மாற்றவில்லை.

காரில் ஏறுகிறவர்கள் இப்போது அக்காவிடம் கேட்கிறார்கள், "இது என்ன லைட்டுங்க, யார் வாய் மாதிரியோ வளைஞ்சிருக்கு?"

"என் வீட்டுக்காரர் வாய்ங்க" என்கிறாள் அக்கா. "எனக்காக ஒருநாள் முன் சீட்ல உக்காந்து வந்தார். அப்ப இப்படித்தான் இருந்தது."