மூன்றாம் ஓலை

எங்கள் ஊர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், மரத்திலிருந்து தரையில் விழக்கூடாது. கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். தேங்காயும் முற்றி விழும்வரை காத்திருக்கக்கூடாது. இளநீர்ப் பருவத்திலேயே வெட்டிவிட வேண்டும். இது ஆஸ்பத்திரி துரை போட்ட சட்டமல்ல, என் பெரியம்மை போட்டது. துரையே அதற்குக் கட்டுப்பட்டு, கறிக்குத் தேங்காயைச் சந்தையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

பெரியம்மை என் அம்மையின் அக்காள். அங்கே நர்ஸ். கல்யாண வயதெல்லாம் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். இருந்தாள் என்பது பேச்சுக்குத்தான். உறங்க மட்டும் வருவாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கொட்டகையில், பஸ்ரா பக்கம் சண்டைக்குப் போய்த் திரும்பி, வீட்டாரும் கைவிட்ட பட்டாளத்துக்காரர்கள் சிலர் கிடந்தார்கள். கால் போனவர், கண் போனவர், ஆறாத புண்ணுள்ளவர். அவர்களைக் கழுவித் துடைத்து, கஞ்சி கொடுத்து, ஏச்சும் வாங்கிக்கொண்டு அவள் பகல் முழுவதும் அங்கேதான் கிடப்பாள்.

அவர்களில் ஒருவருக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவர் பேசி நான் கேட்டதில்லை. எங்காவது தொம்மென்று சத்தம் எழுந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்து சுருண்டுகொள்வார். பெரியம்மை தரையோடு தரையாகப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு கிடப்பாள். அவர் அந்தக் கையைப் பிடித்து வெளியே வரச் சில சமயம் பாதி நாளாகும். சக்கைக்கும் தேங்காய்க்கும் அந்தச் சட்டம் இவருக்காகத்தான்.

அந்த வருடம் பெரியம்மைக்கு ஒரு வரன் வந்தது. குலசேகரம் பக்கத்து வாத்தியார், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அம்மைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் பச்சைப் பட்டில் பாவாடை தைத்தார்கள். அதனால் நானும் அந்தக் கல்யாணத்தை மனதார விரும்பினேன். பெரியம்மையும் விரும்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மையிடம் கேட்டாள்.

"நான் போனா ஒங்களுக்கெல்லாம் தேடுமா?"

ஒருவர் இல்லாமல் மனம் தவிப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் தேடுவது என்போம்.

"இத்தன வருசம் கழிஞ்சி ஒரு வழி பொறந்திருக்கு. தேடுமான்னு கேக்கியே. போக்கா, போய் குளி."

அம்மை பாசத்தோடுதான் சொன்னாள். பெரியம்மையும் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

எங்கள் வேதக்கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் உண்டானால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். அவரை நாங்கள் ஐயர் என்போம். யாரும் எதுவும் சொன்னதில்லை. அந்த நாட்களில் மணப்பெண் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துகொள்வாள். பெரியம்மைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பட்டாளத்துக்காரர்களைக் கைபிடித்து அழைத்துவர வேறு ஆள் கிடையாது. அவர்களை ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்காரவைத்துவிட்டு, எங்கள் பக்கம் வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்றாம் ஓலையை வாசித்து, வழக்கம்போலக் கேட்டுவிட்டு, ஐயர் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பாயில் ஒருவர் எழுந்து நின்றார். கட்டிலுக்கு அடியில் ஒளிகிற அவர்தான்.

"தடை உண்டு, ஐயரே."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்ன தடை என்று ஐயர் கேட்டார். அவர் வெகுநேரம் வாயை அசைத்துப் பார்த்தார்.

"நர்சம்மா போனா எனக்குத் தேடும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தோம். ஐயரும் தாடியைத் தடவிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது தடையாகாது என்று சொல்லி அவரை உட்காரவைத்தார். பெரியம்மை முக்காட்டுக்குள் அசையாமல் இருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியம்மைதான் சாயங்காலம் அப்பாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றாள். ஒரு கிறுக்கன் பேச்சைக் கேட்டு வாழ்க்கையைத் தொலைக்கிறாயே என்று அம்மை அழுதாள். இவளுக்கு இரக்கம் ஜாஸ்தி, அதுதான் கெடுத்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. பாவாடை பெட்டிக்குள் போன கோபத்தில் நானும் ஊரோடு சேர்ந்துகொண்டேன். அடுக்களையில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் அந்த ஒருவர்தான் என்பது எனக்கு உறைக்க, நானே தேடுவாரற்றுப்போன ஒரு வயது வர வேண்டியிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போக, கொட்டகை காலியானது. வீட்டில் நாங்கள் இத்தனை பேர் இருந்தும், வேலை முடிந்தால் பெரியம்மை அந்த வெறும் கொட்டகைத் திண்டில்தான் போய் உட்காருவாள். சக்கைச் சட்டம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள், புதிதாக வந்த மரமேறி விவரம் தெரியாமல் கயிறு கட்டாமலே பழத்தை வெட்டிவிட்டான். தொம்மென்று விழுந்து பிளந்தது. நான் பழத்தைப் பார்க்க ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த பெரியம்மை பழத்தைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள். வெறும் கட்டிலின் முன்னால் தரையில் படுத்து, அடியில் கையை நீட்டினாள்.

சுளை ஏதாவது தெறித்து உள்ளே போயிருக்கும் என்று நானும் குனிந்து பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல பெரியம்ம."

"ஆமா மக்கா. ஒண்ணும் இல்ல."

கையை மட்டும் அவள் எடுக்கவில்லை. வெளியே பழத்தை ஈ மொய்த்துவிடுமே என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.