பச்சை விளக்கும் பூனை வலையும்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஜன்னல்களுக்குக் கொசு வலை போட்டுக் கொடுப்பது என் தொழில். வேலை மந்தமாக இருந்ததால், இணையத் தேடலில் என் கடை முன்னால் வரவேண்டும் என்று வலைத்தளத்தில் ‘ப்ளக்-இன்’ என்ற துணை மென்பொருள் ஒன்றைச் சேர்த்து நானே பழகத் தொடங்கினேன். மக்கள் தேடும் சொல்லை வலைப்பக்கத்தில் சேர்த்தால், திரையில் அதன் சிவப்பு விளக்கு பச்சையாகும். விடுவேனா! வரிக்கு வரி ‘அம்பத்தூர் கொசு வலை’ என்று எழுதினேன். பச்சை எரிந்தது. ஒரு போன்கூட வரவில்லை.

என்ன குறை என்று புரியாமல் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாங்க இது? கொசு மாதிரி காதாண்ட அதையே ஙொய்னு பாடிகினு கீறீங்க! பூனை பிறாண்டி வலை கிழியுதுன்னு ஜனங்க சொல்றாங்களே, அத எழுதுங்க.”

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பூனை பிறாண்டினாலும் கிழியாத கம்பி வலையைப் பற்றி எழுதினேன். விளக்கு ஆரஞ்சுக்கு இறங்கியது. மனசு கேட்கவில்லை, இருந்தாலும் அப்படியே விட்டேன்.

அடுத்த வாரமே சேக்காட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “பூனைக்கு வலை போடுறவர் நீங்கதானே?” வீடே சிரித்தது.

இப்போது எதை எழுதினாலும் முதலில் மனைவிக்குத்தான் வாசிக்கிறேன். அவள் காதைப் பொத்தாவிட்டால் வெளியிடுகிறேன். விளக்கு எந்த நிறத்தில் வேண்டுமானாலும் எரியட்டும்.