தறிச்சத்தமும் என் மகளும்

என் மகள் செல்விக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பிளஸ் டூ முடித்தவளுக்கு வேலை தேடி, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அலைந்தே நான் ஓய்ந்துபோனேன்.

போன இடமெல்லாம் ஒரே யோசனைதான். "காது கேக்காத பிள்ளைக்குத் தறிதான் தோது. அம்புட்டுச் சத்தமும் அவளுக்குத் தெரியாதுல்லா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. அவளைக் கேட்காமலே, பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கூடம் ஒன்றில் சேர்த்துவிட்டேன்.

முதல் நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். செல்வி குனிந்து, அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து நூல் உருளை ஏற்றிய வண்டியைத் தள்ளி வந்தவர், "ஏட்டி, விலகு! விலகு!" என்று கத்தினார். அவள் அசையவில்லை. தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடி அவளை இழுத்தேன். வண்டி தறியில் இடித்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கைச்சாடையில் சொன்னாள். சத்தம் காதில் கேட்கவில்லையாம். தரை வழியாகக் காலில் ஏறி, காலையிலிருந்து நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்ததாம். அவளுக்கு செல்போன் ரிப்பேர் கற்க ஆசையாம். என்ன வேலை பிடிக்கும் என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை.

மறுநாளிலிருந்து அவளைத் தறிக்கு அனுப்பவில்லை. ரிப்பேர் கற்றுத்தர இன்னும் யாரும் அமையவில்லை. அலைச்சலும் ஓயவில்லை. ஆனால், "இந்தப் பிள்ளைக்குத் தோதான வேலை..." என்று யாராவது ஆரம்பித்தால், "அவளையே கேளுங்க, நான் சாடையில சொல்லுதேன்" என்று செல்வியை முன்னால் நிறுத்திவிடுகிறேன்.

பாதிப் பேர் அதற்குப் பிறகு, தங்களுக்கு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள்.